மோப்பமும் படிப்பும்

நாய் என்னும் சொல்லைத் தமிழராகிய நாம் பெரும்பாலும் வசைக்கும் தாழ்மைக்குமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். பிறரை ஏச வேண்டுமாயின் ‘நாயே’ என்கிறோம். மாணிக்கவாசகர் இறைவன்முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள ‘நாயேன்’ என்றார். ஞமலி, ஞாளி, சுணங்கன் என்று அந்த உயிருக்குப் பல பெயர்களை இட்டு வழங்கிய மொழி நம்முடையது. குறிஞ்சி நிலத்து வேட்டுவனோடு அதனைச் சேர்த்துப் பாடிய இலக்கியமும் நம்முடையதே. ஆயினும் அதன் மூக்கினுள்ளே எத்துணை பெரிய அறிவு குடியிருக்கிறது என்பதை நம் ஏடுகள் அதிகம் ஆராயவில்லை. நம்மவர் போற்றிய இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய சாதி நாய்களுங்கூட முயலைக் கண்ணால் கண்டு, காலால் துரத்திப் பிடிப்பவை. பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூறப்படும் தோற்றக் கதையிலே முயல் திரும்பி நின்று வேட்டை நாய்களை விரட்டுகிறது. அங்கும் நாயின் வேகமும் முயலின் வீரமுமே பேசப்படுகின்றன, மோப்பம் பேசப்படவில்லை.

மூக்கினால் தேடும் பறவை வேட்டை நாய் நம் மலைநாட்டுக்குத் துரைமாருடன் வந்தது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அதன்பின் சில பத்தாண்டுகளில் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த நம் முன்னோர் அத்தோட்டங்களில் உழைத்தனர். வழியிலே மாண்டவர் பலர். அதே காலத்தில் துரைமாரின் வேட்டை நாய்களும் கப்பலேறி வந்து மலையேறின. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தமது மரை வேட்டையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கில்பக், ஸ்மட் என அவருடைய நாய்கள் அந்நூலிலே பெயர் பெற்று நிற்கின்றன. ஒவ்வொன்றின் குணமும் வீரமும் மரணமும் விரித்துரைக்கப்படுகின்றன. அவருக்காகச் சுமை தூக்கியவர்களும் காடு வெட்டியவர்களுமோ பெரும்பாலும் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகின்றனர். வரலாறு யாருடைய பெயரைக் குறித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

நாயைப் பழக்கிய கைகளின் கதையை எழுத வேண்டுமென்ற எண்ணம் எனக்குச் சென்ற தை மாசியில் உண்டாயிற்று. கண்டி நகருக்கு மேலே, ஹந்தானை மலைச்சரிவிலுள்ள ஒரு தோட்டத்து லயத்திலிருந்து என்னிடம் படிக்க வரும் மாணவன் ஒருவன் இருக்கிறான். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இருமுறை தவறியவன். வகுப்பின் கடைசி வாங்கிலே யன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பவன். ‘அவனுக்கு ஒன்றும் ஏறாது’ என்ற தீர்ப்பு அவன் காதுபடவே சொல்லப்பட்டிருந்தது. நகரத்தில் வாழ்ந்த ஒருவர் பிள்ளைகளிடம் வெளிநாடு சென்றபோது தம் வீட்டு நாய்க்குட்டியை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அது பொயின்டர் சாதிக் கலப்பு. ஐந்து மாதக் குட்டி. வெள்ளை உடம்பில் கபிலப் புள்ளிகள். மணி என்று பெயரிட்டார்கள். லயத்து வாசலில் கோழிகளைத் துரத்தி ஏச்சு வாங்கிய அக்குட்டியைக் கண்டதும் மாணவனின் தாத்தா, “இது கோழி பிடிக்கிற நாயி இல்லடா, காத்துப் படிக்கிற நாயி” என்றாராம். மாணவன் இதனை என்னிடம் வந்து சொன்னான். காற்றைப் படிப்பது என்ற தொடர் என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை விடியுமுன்னே நானும் மலையேறினேன்.

தாத்தாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. சிறுவனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நாய்ப் பையனாக வேலை செய்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படிப்பு. பிறகு விடியலில் நாய்களைக் குளிப்பாட்டுவதும், உண்ணி பிடுங்குவதும், ஆட்டுக் குடலை வேகவைத்து ஊட்டுவதும், குட்டிகளை மோப்பத்துக்குப் பழக்குவதும் அவருடைய தொழிலாயின. இதற்காகச் செக்ரோலில் அவருக்கு அரைப்பேர் விழுந்தது. வடக்கேயிருந்து குளிர்காலப் பறவைகள் வந்திறங்கும் மாதங்களில் துரை தும்பறைப் பக்கத்து வயல்களுக்கு உள்ளான் சுடப் போவார். முழங்கால் சேற்றில் சிறுவர்கள் வரிசையாய் நடக்க வேண்டும். முன்னே நாய் போகும். அவ்வயல்களில் ஒரு பகுதி 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் மறைந்தது. அங்கே சேற்றில் நடந்த கால்களை மட்டும் நான் நேரில் கண்டேன்.

பழக்கும் முறையைப் பெரியவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். முதற்பாடம் காற்று. நாய் மணத்தைத் தேடிப் போவதில்லை. மணமே காற்றிலேறி நாயைத் தேடி வருகிறது. ஆகையால் நாய் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகச் செல்ல வேண்டும். மலைச்சரிவிலே இதற்கொரு நியமம் உண்டு. இரவெல்லாம் குளிர்ந்த காற்றுக் கனத்து விடியலில் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் பட்டு நிலம் சூடேறியதும் அதுவே மேல்நோக்கி ஏறத் தொடங்கும். “வெள்ளன காத்து எறங்கும் மாஸ்டர், அப்ப நாய கீழருந்து மேல விடணும். வெயில் ஏறினா காத்தும் ஏறும், அப்ப மேலருந்து கீழ விடணும்” என்றார் அவர். பூகோளப் பாடநூலில் மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று என்று நாம் வரைபடம் போட்டு விளக்கும் உண்மை இது. மூன்றாம் வகுப்போடு படிப்பை இழந்த ஒருவர் இதனை ஒரு நாயின் மூக்கைப் பார்த்தே கற்றிருக்கிறார்.

இரண்டாம் பாடம் ஈரம். பனி படிந்த விடியற்புல்லிலே மணம் தங்கி நிற்கும். உச்சி வெயிலில் காய்ந்த தரையில் அது விரைவில் கலைந்துவிடும். பெருமழை மணத்தை அடித்துக்கொண்டு போய்விடும். எனவே தை மாசியின் மழை குறைந்த, பனி நிறைந்த காலைகளே இளங்குட்டிக்கு ஏற்றவை. அதுவும் பத்து நிமிடம், கூடினால் கால் மணி நேரம். குட்டிக்கு ஆசை தீருமுன்னே பாடத்தை நிறுத்திவிட வேண்டும். அடுத்த நாள் அது தானாகவே நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

மூன்றாம் பாடத்தில்தான் எனக்கு வேலை வந்தது. கண்டிச் சந்தையில் இறைச்சிக் கடையொன்றில் இறகோடு வாங்கி வந்த கோழிச் சிறகைக் கயிற்றில் கட்டி, நீண்ட மூங்கில் கழியின் நுனியில் தொங்கவிட்டு மானாப் புல்லின் ஊடே இழுத்துச் செல்ல வேண்டும். மாணவன் இழுத்தால் மணி அவன் காலடி மணத்தையே தொடர்ந்து போய்விடும். எசமானின் மணம் அதற்குச் சிறகினும் இனியது. ஆகவே அயலான் ஒருவனே அவ்வேலைக்கு ஏற்றவன். என் காலடி ஒரு பக்கமும் சிறகின் தடம் ஒரு பக்கமுமாகக் கழியின் நீளம் அவ்விரண்டையும் பிரித்து வைத்தது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த நான் அட்டைகள் காலைச் சுவைக்கக் கோழிச் சிறகை இழுத்துச் சென்ற காட்சியைப் பார்த்துக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

முதல் நாள் இருபது அடி நேர்த்தடம். குட்டியின் கண்முன்னேயே சிறகைப் புல்லில் போட்டோம். இரண்டாம் வாரம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்தோம். மூன்றாம் வாரம் தடத்தில் ஒரு திருப்பம் வைத்தோம். அன்று மணி நேரே ஓடித் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. மணம் அறுந்தது. அது நின்றது, திரும்பி மாணவனின் முகத்தைப் பார்த்தது. சிறகு எங்கே கிடக்கிறதென்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மாணவனின் கை தானாக உயர்ந்தது. பெரியவர் அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

“கைய காட்டாத. இப்ப கைய காட்டினா, நாளைக்கு மூக்க கேக்காது, ஒன் கையத்தான் கேக்கும்.”

நாங்கள் அசையாமல் நின்றோம். குட்டி முனகியது, வட்டமிட்டது, இடமும் வலமுமாக அறுத்து அறுத்து நடந்தது. பின்பு தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. கயிறு கட்டி இழுத்தாற்போல் உடம்பு முழுவதும் அம்மூக்கின் பின்னே சென்றது. புல்லுக்குள்ளிருந்து அது சிறகோடு வெளிவந்தபோது மாணவன் மண்டியிட்டு அதனைக் கட்டிக்கொண்டான். அவன் முகத்தில் அத்தகைய மகிழ்ச்சியை வகுப்பறையில் நான் கண்டதில்லை.

மனித மூக்கில் மணமறியும் கலங்கள் சுமார் 50 இலட்சம் என்றும், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கும் மேல் என்றும் விஞ்ஞானிகள் கணக்கிடுவர். நாய் மூச்சை வெளிவிடும்போது அக்காற்று மூக்கின் பக்கப் பிளவுகளின் வழியே செல்வதால், உள்ளே வரும் மணம் கலையாமல் வந்துகொண்டேயிருக்கும். இத்தகைய கருவியோடு பிறந்த உயிருக்கு மோப்பத்தை நாம் கற்பிக்க இயலுமோ? இயலாது. எதைத் தேட வேண்டும் என்பதையும், தேடிக் கண்டால் நமக்கும் அது மகிழ்ச்சி என்பதையும் மட்டுமே நாம் தெரிவிக்கலாம். மற்றபடி சரியான நேரத்தில், சரியான காற்றில், சரியான இடத்தில் அதனைக் கொண்டுபோய் விடுவதே பழக்குபவனின் தொழில்.

பெரியவர் வேறொரு செய்தியும் சொன்னார். அவர் வேலை பார்த்த துரைக்கு அருமையான நாய் ஒன்று இருந்ததாம். பறவையைக் கண்டு நிற்க வேண்டிய இடத்தில் அது ஒருநாள் ஆவல் மேலிட்டுப் பாய்ந்துவிட்டது. உள்ளான்கள் சூட்டுக்கு எட்டாமல் பறந்தன. துரை வயல் வரப்பிலேயே நாயைச் சாட்டையால் அடித்தார். அன்றோடு அந்நாயின் வேட்டை முடிந்தது. வயலில் விட்டால் துரையின் பூட்ஸ் ஓரமாகவே நடக்கும், தலை நிமிராது.

“அடிபட்ட நாயி மூக்க மறந்துரும் மாஸ்டர். முதுக மட்டும் நெனச்சுக்கிட்டே நடக்கும்.”

இந்த வாக்கியத்தை ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைகளின் வாயிலிலே பொறித்து வைக்கலாம். நம் வகுப்பறைகளில் முதுகை மட்டும் நினைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் என்றும், சாதாரண தரம் என்றும், உயர்தரம் என்றும் வரிசையாக நிற்கும் பரீட்சைகளுக்காக எதிர்பார்க்கை வினாக்களும், ஆயத்த விடைகளும், டியூசன் வகுப்புக் குறிப்புகளும் அவர்கள் கைகளில் திணிக்கப்படுகின்றன. சிறகு கிடக்கும் இடத்தை விரலால் சுட்டிக்காட்டும் முறை இது. அம்முறையில் தேறிய பிள்ளை தன் மூக்கை நம்பாது. அடுத்தவர் கையையே பார்த்து நிற்கும். தேறாத பிள்ளைக்கோ ‘ஏறாது’ என்ற சாட்டை கிடைக்கிறது. இரு வழியிலும் நாட்டுக்குக் கிடைப்பது எசமானின் முகம் பார்க்கும் கூட்டமேயன்றிச் சிந்திக்கும் மக்கள் அல்லர். சுரண்டலைக் காக்க விரும்பும் எந்த அமைப்புக்கும் இத்தகைய கூட்டம் வசதியானதே.

இங்கே இன்னுமோர் உண்மையையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர 1970கள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அப்பெரியவரைப் போன்ற ஒரு தலைமுறை மூன்றாம் வகுப்போடு பெரட்டுக் களத்துக்கு அனுப்பப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கையின் பிரதமரும் இந்தியாவின் பிரதமரும் ஒப்பந்தமிட்டு அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டனர். பெரியவரின் குடும்பம் இந்தியாவுக்கென விண்ணப்பித்தது. புறப்படும் நாள் வருமுன் போர் மூண்டு, 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அவர் தாம் பிறந்த மண்ணின் பிரசையானார். நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச்சட்டமோ இந்நாட்டில் 1901 முதல் இருக்கிறது. இதனை நான் சொன்னபோது அவர் சினங்கொள்ளவில்லை. “தொரையோட நாயிக்கெல்லாம் வருசா வருசம் பதிவு நடக்கும். கயித்தப் புடிச்சிக்கிட்டு நான்தான் கூட்டிப் போவேன்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் எளிதில் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மாசி நடுவில் ஒரு காலை மணி சிறகை மறந்து வேறொரு மணத்தில் சென்றது. மானாப் புல்லின் ஓரத்தில் திடீரென்று கல்லாய் நின்றது. ஒரு முன்னங்கால் உயர்ந்திருந்தது, வால் நேராக நீண்டிருந்தது. யாரும் கற்பிக்காத நிலை அது; சாதியின் இரத்தத்தில் தலைமுறை தலைமுறையாய் வந்தது. பெரியவரின் தோள்கள் இறுகுவதைப் பார்த்தேன். வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்தவர்போல் அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டார். காடை ஒன்று புல்லிலிருந்து விர்ரென்று எழுந்து சரிவில் இறங்கி மறைந்தது. வெடி கேட்கவில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும் அதன் திருத்தங்களும் இன்று பெரும்பாலான பறவைகளைக் காக்கின்றன. எங்களிடம் துப்பாக்கியும் இல்லை, கொல்லும் விருப்பமும் இல்லை. “அவ்வளவுதானா?” என்பதுபோல் மணி எங்களைத் திரும்பிப் பார்த்தது. “அவ்வளவுதான்டா ராசா, போதும்” என்று பெரியவர் அதன் நெற்றியைத் தடவினார்.

“கொல்லப்போவதில்லை என்றால் இந்தப் படிப்பு எதுக்கு சேர்?” என்று மாணவன் இறங்கும்போது கேட்டான். நல்ல கேள்வி. அறிவு யாருக்குப் பணிசெய்கிறது என்பதே எந்தக் கல்வியிலும் முதன்மையான கேள்வி. அதே மூக்குத் துரையின் பொழுதுபோக்குக்கு உள்ளானைக் காட்டிக்கொடுத்தது. அதே மூக்கு இந்நாட்டின் வடபுலத்திலே, போர் புதைத்துவிட்டுச் சென்ற கண்ணிவெடிகளை மணந்து காட்டி உழவனின் காலைக் காத்தது. ஆட்களுக்கெதிரான கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசம்பரிலேதான் இலங்கை இணைந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே பயிற்றப்பட்ட நாய்கள் வன்னி மண்ணில் வேலை செய்யத் தொடங்கிவிட்டன. நம் கண்டி நகரிலேயே, அஸ்கிரியவில், பொலிஸ் நாய்கள் பிரிவின் தலைமையகம் இருக்கிறது. நிலநடுக்கத்திலும் மண்சரிவிலும் புதையுண்டோரைத் தேட உலகெங்கும் நாயின் மூக்கையே மனிதர் துணைகொள்கின்றனர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லய வரிசைகள் மண்ணுள் அமிழ்ந்த காலையை மலையகத்தார் மறக்க மாட்டார்கள். நம் மக்கள் வாழும் சரிவுகள் அத்தகையவை. மோப்பம் அறிந்த நாயும், அதனை அறிந்த இளைஞனும் அங்கே வீண்பொருள் ஆவார்களோ? மாணவனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அவன் உடனே விடை கூறவில்லை. அஸ்கிரியவுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று மட்டும் கேட்டான்.

பங்குனியில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குக் கட்டுரைப் பயிற்சியாக ஒரு வேலை கொடுத்தேன்: ‘உங்கள் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரின் தொழிலறிவைக் கேட்டு எழுதுக.’ விடையை எந்த வழிகாட்டி நூலிலும் தேட முடியாது. முதல் வாரம் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்; நான் விரலை நீட்டவில்லை. இரண்டாம் வாரத்தில் கட்டுரைகள் வந்தன. கவ்வாத்து வெட்டும்போது கத்தியை எந்தச் சாய்வில் இறக்கினால் செடி பட்டுப்போகாது என்று ஒருத்தி எழுதினாள். பார்க்காமலே விரல் நுனியால் பருவக் கொழுந்தைத் தாய் எப்படி அறிகிறாள் என்று இன்னொருத்தி எழுதினாள். பச்சைத் தேயிலை தொழிற்சாலையில் வாடும்போது எழும் மணம் மாறுவதைக் கொண்டு பதம் சொல்லும் தகப்பனைப் பற்றி ஒருவன் எழுதினான். கடைசி வாங்கு மாணவன் நான்கு பக்கம் எழுதியிருந்தான். தலைப்பு: ‘காற்று எப்போது இறங்கும், எப்போது ஏறும்.’ சந்திப் பிழைகள் மலிந்த கட்டுரை. வகுப்பிலேயே சிறந்த கட்டுரை. அதை உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் வகுப்பு சற்று நேரம் பேசாதிருந்தது. பிறகு முன்வாங்குப் பிள்ளைகள் அவனிடம் கேள்விகள் கேட்கத் தொடங்கினார்கள். கணிதத்தில் அவன் மூன்றாம் முறை எழுதப்போகிறான். சரிவையும் காற்றின் திசையையும் கொண்டு கோணங்களைத் தொடங்கியிருக்கிறோம், மெல்ல நடக்கிறது.

மலையகத்து லயங்களிலும், வன்னி வயல்களிலும், கடலோரக் குடிசைகளிலும் பெயர் பெறாத இத்தகைய அறிவு இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் உடைமையாளர்கள் எண்பதையும் தொண்ணூறையும் எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பட்டம் இல்லை, அவர்களைப் பற்றி நூலெழுதும் பேக்கரும் இல்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் விடுமுறை நாளொன்றைக் குறிப்பேட்டுடன் அவர்களின் வாசலில் கழித்தல் வேண்டும். கேட்டதை அவர்களுடைய சொல்லிலேயே எழுதி, அவர்களுடைய பெயரையும் அவர்களின் சம்மதத்தோடு அதில் குறித்தல் வேண்டும். நாய்களின் பெயர்கள் ஏட்டில் ஏறி நூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் பெயர்களும் ஏற வேண்டும்.